சராசரி மாலுமியின் எடை

கெர்மன் லுகிச் பெரெப்யோல்கின் கடலில் போகிறவர்களின் உயிரைக் காப்பாற்றத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்த இருபத்தாறு வருடத்தில் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட அவர் கடலில் இறங்கியதில்லை. மூழ்கும் கப்பலில் மணி எப்படி அடிக்க வேண்டும், மிதவை அங்கியில் விசில் எந்தப் பக்கம் தொங்க வேண்டும், உயிர்காப்புப் படகில் தலைக்கு எத்தனை பிஸ்கட் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தேம்ஸ் நதியில் கட்டிப்போட்டிருக்கும் உணவகக் கப்பலில் விருந்து என்றால்கூட, கரைக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, முதுகுவலி என்று சொல்லி முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். சிறை விதிகளை எழுதுகிறவன் நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டா எழுதுகிறான் என்பது அவர் கட்சி.

உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் பாதுகாப்பு விதி எழுதும் சபை லண்டனில் நதிக்கரையில் இருந்தது. அதில் ஒரு மூலையில் மூன்றாம் செயலாளராக வந்து உட்கார்ந்தவர், படிப்படியாக நகர்ந்து தன் நாட்டுக் குழுவின் தலைவராக முன்வரிசைக்கு வந்தார். இதற்கிடையில் அவர் நாட்டின் பெயர் மாறியது, கொடி மாறியது, மேசை மேலிருந்த பெயர்ப்பலகையில் எழுத்து மாறியது. பலகைக்குப் பின்னால் இருந்தவர் மாறவில்லை. அகலமானார், அவ்வளவுதான்.

அந்தச் சபையில் ஓட்டெடுப்பு என்ற அநாகரிகம் கிடையாது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், தன் நாட்டுப் பலகையை எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். ஒரு பலகையும் நிற்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். தலைவர் மரச்சுத்தியால் மேசையில் ஒரு போடு போடுவார். அது உலகச் சட்டம். ஆகவே அங்கே பெரிய ஆள் என்பவன் நன்றாகப் பேசுகிறவன் அல்ல, மற்றவர்கள் பேச முடியாத நேரம் பார்த்துப் பேசுகிறவன். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், சமையற்கட்டிலிருந்து வறுத்த மீன் வாசனை கூடத்துக்குள் நுழையும் அந்த நேரத்தில், பெரெப்யோல்கின் தொண்டையைச் செருமுவார். பசித்தவன் பலகை தூக்கமாட்டான். இந்த ஒரு கலையை வைத்துக்கொண்டு அவர் பதினேழு தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தார்.

அவற்றில் அவர் உயிராக நினைத்தது ஒரு எண். எழுபத்தைந்து.

உயிர்காப்புப் படகு கட்டுகிறவனுக்குச் சராசரி மாலுமி ஒருவனின் எடை தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் இருக்கை, அதில் கட்டிக்கொள்ளும் வார், ஒரு படகுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு எல்லாம். ரொம்ப காலம் முன்னால், அந்த எடையைக் கண்டுபிடித்து வரும்படி மேலிடம் இளம் பெரெப்யோல்கினுக்கு உத்தரவு போட்டது. மாலுமிகளைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் துறைமுகத்துக்குப் போக வேண்டும். துறைமுகத்தில் கடல் இருக்கும். அவர் அமைச்சக மருத்துவமனைக்குப் போய்த் தானே எடைமேடையில் ஏறி நின்றார். முள் எழுபத்தைந்தில் நின்றது. அறிக்கையில் 'விரிவான ஆய்வுக்குப் பின்' என்று எழுதினார். உலகம் ஏற்றுக்கொண்டது.

இப்போது அவர் எடை நூற்றுப் பதினெட்டு. அவர் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு நாடும் விருந்து கொடுக்கிறது, எந்த நாட்டையும் புண்படுத்தக் கூடாது என்பது அவர் தொழில். கண்ணாடியில் தெரிகிற ஆளை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் விதிப் புத்தகத்தைத் திறந்தால், அங்கே ஒல்லியான, கன்னம் ஒட்டிய, தலைமுடி நிறைந்த ஒரு பையன் எழுபத்தைந்து கிலோவில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் தொடக் கூடாது.

தொட வந்தவர் நார்வே பிரதிநிதி கேப்டன் எல்வெஸ்டாட். முப்பது வருடம் நிஜமாகவே கப்பல் ஓட்டியவர், அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைவூட்டுகிறவர். மாலுமிகள் இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், எடையைத் தொண்ணூறாக உயர்த்த வேண்டும் என்று அவர் பல வருடமாக மல்லுக்கட்டினார். தொண்ணூறு என்று ஆகிவிட்டால், ரஷ்யக் கப்பல்களில் முப்பது பேர் படகெல்லாம் இருபத்தைந்து பேர் படகாகிவிடும். மிச்சம் ஐந்து பேரை என்ன செய்வதென்று மாஸ்கோவில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுபத்தைந்து.

அந்த வசந்த காலத்தில் சபையின் தலைவர் ஓய்வு பெற்றார். நாற்காலி காலியானது. அதைக் குறிவைத்தவர்கள் இரண்டே பேர்: பெரெப்யோல்கின், எல்வெஸ்டாட். திங்கட்கிழமை காலையிலேயே மாஸ்கோவிலிருந்து துணை அமைச்சர் பொர்ஃபீரி நிகனோரிச் தொலைபேசியில் வந்தார்.

"கெர்மன், நாற்காலி கிடைக்குமா, கிடைக்காதா?"

"சூழ்நிலை சாதகமா இருக்கு, பொர்ஃபீரி நிகனோரிச்."

"சூழ்நிலையைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. வெள்ளிக்கிழமை நீ தலைவரானா நாலு வருஷம் அங்கேயே இரு. ஆகலைன்னா சனிக்கிழமை விமானம் ஏறு. இங்க பழைய கோப்பு அறையில உனக்கு ஒரு மேசை போட்டு வெச்சிருக்கேன். ஜன்னல் கிடையாது."

"புரியுதுங்க."

"எழுபத்தஞ்சையும் விட்டுடாதே. விட்டேன்னு வெச்சுக்கோ, அந்த மேசையும் கிடையாது."

ஆக, தலைவராக வேண்டும், எண்ணையும் காப்பாற்ற வேண்டும். எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளைப் பாதி சபை தலைவராக ஏற்காது என்பது பெரெப்யோல்கினுக்குத் தெரியும். அதற்கு ஒரே மருந்து விருந்துதான் என்று முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை ரஷ்யக் குழுவின் விருந்து. கம்பு ரொட்டி, எண்ணெயில் மினுங்கும் ஹெர்ரிங் மீன், அதன் மேல் பீட்ரூட்டும் உருளையும் அடுக்கடுக்காக, பனிபோல் குளிர்ந்த வோட்கா. நூறு நாடுகளுக்கு மேல் வந்திருந்தன. கோப்பையை உயர்த்திச் சொன்ன முதல் வாழ்த்து சந்திப்புக்கு. இரண்டாவது வந்த விருந்தாளிகளுக்கு. மூன்றாவது, வழக்கம்போல, கடலில் இருப்பவர்களுக்கு.

இந்த மூன்றாவது வாழ்த்துதான் விவகாரம். கப்பல் சம்பந்தப்பட்ட எந்த ரஷ்ய மேசையிலும் அது உண்டு. எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தமாஷ் பேசமாட்டார்கள். பெரெப்யோல்கின் கோப்பையை உயர்த்தினார். வழக்கமாக மூன்று வாக்கியத்தில் முடிப்பார். அன்றைக்கு எதிரில் எல்வெஸ்டாட் தன் கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டுவிட்டது.

"இந்த நிமிஷம், இருட்டுல, அலையில, நாம எழுதின விதியை நம்பி ஆயிரமாயிரம் பேர் மிதந்துக்கிட்டிருக்காங்க," என்று தொடங்கினார். கூடம் அமைதியானது. அமைதி அவருக்கு வோட்காவைவிடச் சீக்கிரம் ஏறும். "அவங்களுக்காகக் கரையில நின்னுக்கிட்டுக் குடிக்க எனக்கு வெட்கமா இருக்கு." ரஷ்யக் குழுவின் துணைத் தலைவி ரிம்மா யெகோரவ்னா பின்னாலிருந்து அவர் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தார். அவர் அதைக் கைதட்டலின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை நமக்கெல்லாம் புது மாதிரி உயிர்காப்புப் படகைக் காட்டப்போறாங்க. சரிவுல நிறுத்தி, மூணு மாடி உயரத்துலருந்து அப்படியே தண்ணிக்குள்ள விடுவாங்களாம். எல்லாரும் கரையில நின்னு பாருங்க. நான் அதுக்குள்ள இருப்பேன்."

கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆனது. கிரேக்கப் பிரதிநிதி கலவ்ரோஸ் கண்ணீர் விட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். உடனே மால்டா. மால்டா போனால் சைப்ரஸ் சும்மா இருக்குமா? எல்வெஸ்டாட் கடைசியில், "நான் முப்பது வருஷம் கடல்ல இருந்தவன், எனக்கு ஒரு இடம் வையுங்க," என்றார். படகில் முப்பது இருக்கை. பழங்களும் கேக்கும் வருவதற்குள் எல்லாம் நிரம்பிவிட்டது.

மறுநாள் காலை பெரெப்யோல்கின் அலுவலக மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிம்மா யெகோரவ்னா போதை தெளிவதற்கு வெள்ளரிக்காய் ஊறிய உப்புத் தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து வைத்தார். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இழுவைப் படகு மாலுமியாக இருந்தவர். அந்த அம்மாளுக்குக் கடலைப் பற்றியும் மயக்கம் கிடையாது, தலைவர்களைப் பற்றியும் கிடையாது.

"நேத்து நான் ஏதாவது சொன்னேனா, ரிம்மா யெகோரவ்னா?"

"கடல்ல குதிக்கிறேன்னு சொன்னீங்க."

"எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்?"

"உலகத்துக்கு. கரை இல்லாத மங்கோலியாகூட வந்திருந்தது."

அவர் உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "முதுகுவலின்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம். முதல் வாழ்த்துல சொல்லியிருந்தா அதைக்கூடச் சொல்ல வேண்டாம். அது வெறும் மரியாதை, யாரும் கணக்குல வைக்கிறதில்ல. அஞ்சாவதுல சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் ஞாபகமே இருக்காது. நீங்க மூணாவதுல போய்ச் சொல்லிட்டீங்களே. கடல்ல இருக்கிறவங்க பேரைச் சொல்லி மூணாவதுல வாக்குக் கொடுத்துட்டுப் பின்வாங்கின ஆளை என் புருஷன் ஜென்மத்துல பார்த்ததில்ல. அப்படி ஒருத்தன் இருந்திருந்தா அவனை யாரும் சமையற்காரனாக்கூட வெச்சிருக்கமாட்டாங்க. தலைவராவா வெப்பாங்க?"

"எனக்குத் தண்ணி ஒத்துக்காது."

"தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும். குளியல் தொட்டி விளம்பரத்தைப் பார்த்தே நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க."

அவர் பரிதாபமாகப் பார்த்தார். ரிம்மா கொஞ்சம் இளகி, "நானும் எப்படியாவது இடம் பிடிச்சுக் கூட வர்றேன். வாந்தி வந்தா ரஷ்யக் குழுவோட நிலைப்பாடுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்," என்றார்.

வியாழக்கிழமை ஒரே தூறல். தேம்ஸ் கடலோடு சேரும் இடத்தில் பயிற்சித் தளம். ஆரஞ்சு நிறத்தில், மூடிய கூரையோடு, பெரிய காரட் ஒன்றைத் தலைகீழாகச் சாய்த்து வைத்த மாதிரி படகு சரிவில் நின்றது. மூக்கு கீழே சேற்று நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெப்பிள் என்ற பயிற்சியாளர் விளக்கம் சொன்னார். பயணிகள் எல்லோரும் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், ஓட்டுகிறவர் மட்டும் படகின் பின்கோடியில், உயரமான இருக்கையில், முன்பக்கம் பார்த்து. அவர் பக்கத்தில் இருக்கிற இரும்புக் கைப்பிடியை நாலைந்து தடவை அடித்தால் கொக்கி விடும், படகு போகும். ஆகவே சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள். பிரதிநிதிகள் அந்த நேரம் காப்பிக் கூடாரத்தில் கடைசி இஞ்சி பிஸ்கட்டுக்காகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை.

வாக்குக் கொடுத்த முதல் ஆள் என்ற மரியாதைக்காகப் பெரெப்யோல்கினை ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது நாகரிகமான சொல். கலவ்ரோஸ் மேலிருந்து தள்ள, ரிம்மா கீழிருந்து இழுக்க, சக்கரத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் அவர் செருகப்பட்டார். வாரின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் இடைவெளி. எழுபத்தைந்து கிலோப் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும்.

வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வரிசைகளில் முப்பது பிரதிநிதிகள் வார் முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடித்த பாம்பை என்ன செய்வதென்று தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் எட்டவில்லை. தோளோடு தோள், இடுப்போடு இடுப்பு, ஜாடியில் அடைத்த ஊறுகாய் மாதிரி அசைய முடியாமல் கிடந்தார்கள். சைப்ரஸின் முழங்கை மால்டாவின் கோட்டுப் பையில் இருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ரிம்மா யெகோரவ்னாவின் தலை மட்டும் தெரிந்தது.

ஹெப்பிள் உள்ளே வந்து, கைப்பிடியின் பாதுகாப்பு முள்ளைக் கழற்றிக்கொண்டு திரும்பியவர், தன் இருக்கையில் பனாமா வழிந்து கிடப்பதைப் பார்த்தார்.

"எல்லாரும் வார் போட்டாச்சா?" என்று கேட்டார். "வார் போடாம ஒரு ஆள் இருந்தாலும் படகை விடக் கூடாது. அது உங்க விதி, என்னோடது இல்ல."

"யாரு எழுதினது அதை?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

"நான்தான்," என்றார் பெரெப்யோல்கின்.

நீட்டிப்பு வார் இருக்கிறதா பார்த்து வருகிறேன் என்று ஹெப்பிள் வெளியே போனார். மழை உள்ளே அடிக்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டும் போனார். இறங்கலாமென்றால் கதவருகே உட்கார்ந்திருந்தவர்கள் காப்பிக் கூடாரத்திலிருந்து கடைசியாக வந்தவர்கள், அதாவது இருப்பவர்களிலேயே பெரியவர்கள். அவர்களைத் தாண்டி ஒரு ஈகூடப் போக முடியாது.

கூரையில் மழை தட்டியது. பெரெப்யோல்கினுக்கு வியர்த்தது, பிறகு வியர்வை நின்றது. முப்பது முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பயணிகள் பின்பக்கம் பார்க்க, ஓட்டுகிறவர் முன்பக்கம் பார்க்க என்று படகு கட்டியவன் அமைத்திருந்தான். அவனுக்கு வேறு நோக்கம் இருந்திருக்கும். ஆனால் இருபத்தாறு வருடமாகக் கீழே இருந்து மேடையைப் பார்த்தவருக்கு, இது மேடை. உயரமான இருக்கை. எதிரில் சபை. பேச முடியாமல், எழுந்து போக முடியாமல், பசியோடு ஒரு சபை. அவர் தொண்டை தானாகவே செருமியது.

"மதிப்புக்குரிய பிரதிநிதிகளே, காத்திருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாமே. நாளைக்குப் பேச வேண்டியதை இப்பவே பேசிடலாம். ஆட்சேபம் உண்டா? இல்லை. முடிவு செய்யப்பட்டது."

முடிவு செய்தால் ஒரு போடு போட வேண்டும். கை தானாகவே பக்கத்தில் தேடியது. இரும்புக் கைப்பிடி ஒன்று வாகாகக் கிடைத்தது. அடித்தார். எங்கோ கீழே ஏதோ ஒன்று 'க்ளுக்' என்றது. இவ்வளவு கம்பீரமான சத்தம் மரச்சுத்தியில் வந்ததே கிடையாது.

"இங்க காத்து போதலைன்னு சபை கவலையோட குறிச்சுக்கலாமா?" என்று கலவ்ரோஸ் கேட்டார்.

"கவலையோடயா, ஆழ்ந்த கவலையோடயா?"

"ஆழ்ந்த. பனாமாவோட முழங்கால் என் முதுகுல இருக்கு."

"ஆழ்ந்த கவலையோட. ஆட்சேபம் இல்லை." க்ளுக்.

சபைக்கு உற்சாகம் வந்துவிட்டது. காப்பி கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம். க்ளுக். 'வார் எட்டவில்லை' என்பது யாரையும் புண்படுத்தலாம், ஆகவே 'வாரும் நபரும் ஒருவரையொருவர் இன்னும் முழுமையாகச் சந்திக்கவில்லை' என்று திருத்தலாம் என மால்டா சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், முப்பது பேர் ஒட்டிக்கொண்டு சிரித்ததால் படகே குலுங்கியது. பெரெப்யோல்கின் இந்தத் தடவையும் அடிக்கப் போனவர், கையை அந்தரத்தில் நிறுத்தினார். எல்வெஸ்டாட் தன் நீண்ட கால்களைக் காதுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தபடி பேசத் தொடங்கியிருந்தார்.

"தலைவரே," என்றார். அந்தச் சொல்லை அவர் அந்த அர்த்தத்தில் முதல் தடவையாகச் சொன்னார். "நான் வெளிப்படையாப் பேசறேன். எனக்கு அந்த நாற்காலி மேல பெரிய ஆசை கிடையாது. எனக்கு வேண்டியது ஒரு எண். நீங்க எழுபத்தஞ்சை விடுங்க, நான் நாற்காலியை விடறேன். இந்தப் படகுல உட்கார்ந்துக்கிட்டு எழுபத்தஞ்சுன்னு சொல்ல உங்களுக்கே வாய் வருமா?"

பெரெப்யோல்கின் மனசுக்குள் கணக்குப் போட்டார். எண்ணை விட்டால் நாற்காலி உண்டு. எண்ணை விட்டால் பொர்ஃபீரி நிகனோரிச்சும் உண்டு, மேசைகூட இல்லாத கோப்பு அறையும் உண்டு. அந்த ஒல்லிப் பையன் எடைமேடையில் நின்றபடி அவரைப் பார்த்தான். இவரும் அவனைப் பார்த்தார். வாரின் இரண்டு முனைகளையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், அந்தப் பையனுக்கு முதுகெலும்பு இருந்ததாகவும் ஞாபகமில்லை. எடைமேடையில் ஏறியதே துறைமுகத்துக்குப் போகப் பயந்துதான்.

"தொண்ணூறு அதிகம்," என்றார் மெதுவாக.

"எழுபத்தஞ்சு பொய்," என்றார் எல்வெஸ்டாட்.

"ரெண்டுக்கும் நடுவுல?"

"எண்பத்திரண்டரை," என்று மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் சொன்னன. கூட்டிக் கழித்துப் பாதியாக்குவதில் அந்தச் சபையை யாரும் மிஞ்ச முடியாது. எந்த மாலுமியையும் நிறுத்துப் பார்க்காமல் அறிவியல் இன்னொரு படி முன்னேறியது.

"கெர்மன் லுகிச்," என்று ரிம்மாவின் குரல் சைப்ரஸுக்கும் மால்டாவுக்கும் நடுவிலிருந்து வந்தது. "மாஸ்கோ உத்தரவு உங்களுக்கு மறக்கலையே?"

அப்போதுதான், இருபத்தாறு வருடத் தொழில் அவர் தலையில் பளிச்சென்று ஒரு விளக்கை ஏற்றியது. தலைவருக்கு நாடு கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவன் யார் பக்கமும் பேசக் கூடாது. ரஷ்யாவுக்காகப் பேச வேண்டியவர் இப்போது துணைத் தலைவி.

"மறக்கலை," என்றார் கம்பீரமாக. "அதனாலதான் கேக்கறேன். ரஷ்யாவோட மதிப்புக்குரிய பிரதிநிதிக்கு ஆட்சேபம் இருந்தா, வழக்கப்படி பலகையை உயர்த்தலாம்."

"பலகை எங்க இருக்கு இங்க?"

"கையை உயர்த்தினாலும் போதும்."

ரிம்மா நெளிந்தார். சைப்ரஸ் முனகியது. மால்டா மன்னிப்புக் கேட்டது. "கையா? என் கை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலையே."

"ரஷ்யா கையை உயர்த்தவில்லை என்று குறிச்சுக்கறோம்."

"அட பாவி மனுஷா," என்றார் ரிம்மா. ஆனால் அந்தக் குரலில் கோபத்தைவிடச் சிரிப்பு அதிகமாக இருந்தது.

"சராசரி மாலுமியின் எடை எண்பத்திரண்டரைக் கிலோ," என்றார் பெரெப்யோல்கின். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு லேசாக அவர் எந்த வாக்கியத்தையும் சொன்னதில்லை. "ஆட்சேபம் இல்லை. முடிவு செய்யப்பட்டது." வரலாறு இது என்று தோன்றியதால் ஒன்றுக்கு இரண்டாக ஓங்கி அடித்தார்.

க்ளுக். கடக்.

கடக் என்பது புதுச் சத்தமாக இருக்கிறதே என்று அவர் யோசித்தார். கீழே, தளத்தில், கையில் நீட்டிப்பு வார்களோடு ஓடிவந்த ஹெப்பிள் அந்த இடத்திலேயே நின்றார்.

படகு முதலில் ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் போனது. சறுக்கியது, சறுக்கி முடித்து ஒன்றுமில்லாத வெளிக்குள் நுழைந்தது. உலகம் கீழே விழ, பெரெப்யோல்கினின் வயிறு, மூக்குக்கண்ணாடி, இருபத்தாறு வருடப் பணிமூப்பு எல்லாம் அவரைவிட ஒரு முழம் மேலே வந்தன. முப்பது நாடுகள் ஒரே குரலில் அலறின. அந்தச் சபையின் சரித்திரத்தில் திருத்தம் இல்லாமல் ஒருமனதாக வெளிவந்த முதல் அறிக்கை அதுதான். முன் ஜன்னல் முழுக்கப் பழுப்புத் தண்ணீர் ஏறி வந்தது. 'தொப்' என்றது. இருட்டு. பச்சை. குமிழ்கள். பிறகு படகு ஒரு தக்கையைப்போல மேலே துள்ளி, இரண்டு தடவை தலையாட்டி, மிதந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அசைய இடமிருந்தால்தானே அடிபட.

பெரெப்யோல்கின் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வயிறு கிளர்ந்து எழும், எல்லாம் வெளியே வரும், தலைவர் பதவி அதோடு போகும். அலை படகைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. வயிறு எதுவும் சொல்லவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரில் ஐந்து வரிசையும் பச்சைப் பட்டாணி நிறத்தில் இருந்தன. பின்னோக்கி உட்கார்ந்து கடலுக்குள் போனது எல்வெஸ்டாட்டுக்கும் முதல் தடவை. அவர் தங்கச் சரிகை போட்ட தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதற்குள் ஏதோ அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பெரெப்யோல்கினுக்குத் தொடையிலிருந்து ஒரு கிச்சுக்கிச்சு கிளம்பியது. தொப்பையைக் கடந்து மார்புக்கு வந்து வாய்வழியாக வெடித்தது. சிரித்தார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு பெரிய அலை வந்தது. "ஓஹோ," என்றார், பந்தயக் குதிரையில் உட்கார்ந்தவர்போல. இத்தனை காலம் இதற்கா பயந்தோம் என்று நினைத்தார். இத்தனை காலம் இதை விட்டுவிட்டா மீன் வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்றும் நினைத்தார்.

"இன்னொரு தடவை போகலாமா?" என்று சபையைக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கும் நிலையில் இல்லை.

மாலை பொர்ஃபீரி நிகனோரிச் தொலைபேசியில் வந்தார். தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எண்ணை விட்டியா நீ?"

"ரஷ்யா விடலைங்க. நான் தலைவர் இருக்கையில இருந்தேன். எனக்கு நாடு கிடையாது."

"அப்ப ரஷ்யா என்ன பண்ணிக்கிட்டிருந்தது?"

"ஆட்சேபம் சொல்ல முயற்சி பண்ணிச்சு. ரெண்டு பக்கமும் நெருக்கிட்டாங்க. கையைத் தூக்க முடியலை."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "சர்வதேச நெருக்கடியா?"

"ரொம்ப நெருக்கடிங்க. சைப்ரஸ் ஒரு பக்கம், மால்டா ஒரு பக்கம்."

"அப்படியே எழுது. நெருக்கடிக்கு நடுவுல கடைசி வரைக்கும் போராடினோம்னு எழுது. நாற்காலி?"

"நார்வே விலகிக்கிச்சு."

"நல்லது," என்றார் பொர்ஃபீரி நிகனோரிச். குரல் சட்டென்று வெண்ணெயானது. "எழுபத்தஞ்சு கொஞ்சம் கம்மின்னு நானே ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். அதையும் எங்கயாவது சேர்த்துக்கோ."

வெள்ளிக்கிழமை ஒரு பலகையும் எழவில்லை. பெரெப்யோல்கின் மேடை ஏறினார். நிஜ மேடை, நிஜ மரச்சுத்தி. கீழே ரஷ்யாவின் பலகைக்குப் பின்னால் ரிம்மா யெகோரவ்னா, இரண்டு கையையும் மேசை மேல் தாராளமாகப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்த எல்வெஸ்டாட் முதலில் பேசினார். நேற்றைய அனுபவம் மிகவும் பயனுள்ளது. விதி எழுதுகிறவர்கள் அந்த விதியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆகவே இனி ஒவ்வொரு வருடமும் குழுத் தலைவர்கள் எல்லோரும் ஒரு தடவை அந்தப் படகில் விழ வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

கூடம் முழுக்க நாற்காலிகள் கிறீச்சிட்டன. பனாமாவின் பலகை எழுந்தது. சைப்ரஸ் எழுந்தது. கலவ்ரோஸ் தன் பலகையோடு பக்கத்தில் இருந்த ஆளில்லாத கானாவின் பலகையையும் சேர்த்துத் தூக்கினார். ரிம்மா யெகோரவ்னா ரஷ்யாவின் பலகையைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டினார்.

தலைவர் பெரெப்யோல்கின் பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்த பழைய பாய்மரக் கப்பல் படத்தை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியலை," என்றார், பிரதிநிதி ஒருவர் எழுந்து கத்தத் தொடங்குவதற்கு அரை மூச்சு முன்னால், மரச்சுத்தியை ஓங்கியபடி. "முதல் படகு திங்கட்கிழமை."